பவுடர் அண்ணையும் இரண்டு துவக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே நாளுக்கொரு நிறத்தில் திரிந்த ஒரே மனிதர் எங்கள் பவுடர் அண்ணைதான். மானிப்பாய்ப் பக்கம் எங்கள் பட்டறை. கேற், ஜன்னல் கம்பி, சைக்கிள் சட்டம் எல்லாவற்றுக்கும் நிறப் பவுடர் தெளித்துச் சூளையில் உருக்கிப் பிடிக்கவைப்போம். நான் ஒஃபீஸில், தெளிக்கிறவர் அவர். அவருடைய காதைப் பார்த்தே அன்றைக்கு என்ன ஓடர் என்று சொல்லிவிடலாம்.

ஒருநாள் முதலாளி, தானாகத் தெளிக்கும் கருவிகள் இரண்டை இறக்கினார். துப்பாக்கி போல இருப்பதால் பட்டறையில் அதற்குப் பெயர் துவக்கு. சந்தோஷம் தாங்காத அண்ணை தேத்தண்ணிக் கடையில் நின்று போனில் முழங்கினார்:

"ஓமடாப்பா, துவக்கு ரெண்டும் வந்திட்டுது! நாளைக்குப் பூட்டிப்போட்டு அடிச்சுப் பாப்பம்!"

கடை காலி. முதலாளி போய் விளக்கும்வரை கடைக்காரர் மேசைக்குக் கீழேதான் இருந்தார்.

கம்பத்தில் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் பூட்டினோம். ஓடும் சங்கிலியின் கொழுக்கியில் தொங்கியபடி கேற் அவற்றின் முன்னால் நகர்ந்து போகவேண்டும். முதல் வேலையே கலியாண வீட்டுக் கேற். யானைத்தந்த நிறம். விடிந்தால் தாலிகட்டு. அவசரத்தில் முதலாளி காற்று, பவுடர் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்துவிட்டார். சுவர், கூரை, முதலாளியின் மீசை எல்லாம் யானைத்தந்தம். கேற் மட்டும் வெறும் இரும்பு.

"உது சரிவராது. பழையபடி கையாலை அடியும்," என்றார் முதலாளி.

"கையாலை அடிச்சா பின்னேரத்துக்குள்ளை முடியாது முதலாளி. கேற்றின்ரை இடத்திலை இருந்து பாத்தால்தான் விளங்கும். துவக்கின்ரை கறண்டை நிப்பாட்டிப்போட்டுக் காத்தையும் பவுடரையும் மட்டும் விடுங்கோ."

மூக்குக்குக் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. கொழுக்கியில் பலகை கட்டி ஊஞ்சல் போல் ஏறி இருந்துவிட்டார்.

"என்னண்ணை தெரியுது?" என்று கத்தினேன்.

"மேலை நிக்கிறவன் தலைக்கு மேலாலை அடிக்கிறான்! கீழை நிக்கிறவன் முழங்காலை விடுறானில்லை! வயித்துப் பக்கம் ஒருத்தனும் வரேல்லை! காத்தும் கூடிப்போச்சு, வாற பவுடரையெல்லாம் ஊதித் தள்ளுது!"

பிரச்சினை விளங்கிவிட்டது. ஆனால் சங்கிலி நிற்கவில்லை. முதலாளி பதற்றத்தில் எல்லாப் பொத்தானையும் அமத்தினார். நிறுத்தும் பொத்தானைத் தவிர. சங்கிலி அடுத்துப் போவது சூளைக்கு. சூளையோ நன்றாகச் சூடேறியிருந்தது.

"முதலாளி! நான் கேற் இல்லை முதலாளி!"

நான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை இழுத்து விழுத்தினேன். சூளை வாசலில் ஊஞ்சல் ஆடி நின்றது. இறங்கிய மனிதர் நடுங்கினாரா? நேரே போய் மேல் துவக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்தார், கீழ்த் துவக்கை நிமிர்த்தினார், இரண்டையும் கொஞ்சம் பின்னுக்கு வைத்தார், காற்றைக் குறைத்தார், கேற்றுக்கு எர்த் கிடைக்கும்படி கொழுக்கியில் உருகிப் பிடித்திருந்த பழைய பவுடரைச் சுரண்டினார். பிறகு பவுடரை இரும்பில் ஒட்டவைக்கும் கறண்டைப் போட்டார். பவுடர் கேற்றின் பின்பக்கம்வரை சுற்றிப்போய்ப் பிடித்தது.

பின்னேரம், சூளையில் வெந்து ஆறிய கேற்றோடு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கலியாண வீட்டுக்குப் போய் இறங்கினோம். அண்ணைக்குக் குளிக்க நேரமில்லை. கலியாணப் பொம்பிளையின் மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பியவை, நாங்கள் கேற்றெல்லோ கேட்டனாங்கள்? உந்தச் சிலையை ஆர் கொண்டுவரச் சொன்னது?"

சிலை தும்மியது. மாமி அடுப்படிவரை ஓடிவிட்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பொம்பிளை வெளியே வந்தாள். கேற்றைத் தடவிப் பார்த்து, "நல்ல வடிவாயிருக்கு அண்ணை," என்றாள். அண்ணை சாரத்தில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றார்.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை, பட்டறை பூட்டு. என் உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கு வேலைக்குப் போகவேண்டும் போல் இருந்தது.