வாட்ச் கிணறு

புது மாப்பிள்ளையிடம் மணி கேட்கக் கூடாது. மணியைத் தவிர, தன் வாட்ச்சைப் பற்றி மற்ற எல்லாவற்றையும் சொல்வான். எழுபதுகளின் கடைசியில் நானும் மதுரை முழுக்க அப்படித்தான் திரிந்தேன்.

மாமனார் சிங்கப்பூர் சொந்தக்காரர் மூலம் வரவழைத்துப் போட்ட சுவிஸ் வாட்ச் அது. தங்கக் கூடு, தோல் வார், அப்பளம் மாதிரி மெலிசு. (தூங்கும்போது அதற்குத் தனித் தலையணை வைப்பேன்.)

வாடிப்பட்டிப் பக்கம் மாமனார் தோட்டத்தில் மறுவீட்டு விருந்து. என் மனைவியின் அண்ணன், கப்பலில் வேலை பார்க்கும் ராசுவும் வந்திருந்தார். அவர் கையிலும் சுவிஸ் வாட்ச்தான். ஆனால் கடலில் முக்குளிப்பவர்கள் கட்டுகிற ஸ்டீல் வாட்ச், ஸ்டீல் செயின். பம்புசெட்டிலிருந்து கழற்றிய நட்டு மாதிரி கனம்.

"மாப்ள, இது கடலுக்கடியிலயும் ஓடும். ஒங்களது வேர்வைக்கே நின்னுரும் போலயே!"

பந்தியே சிரித்தது. என் மனைவி செல்வியும் சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"தங்கம் தண்ணியில கரையுமா மச்சான்? வாங்க, கிணத்துல குதிச்சுப் பாத்துருவோம்!"

சாப்பிட்ட கையோடு எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். வேட்டியை வரிந்து கட்டி, வாட்ச்சை உயர்த்திக் காட்டிவிட்டு முதலில் நானே குதித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. (ரோஷம் வந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.)

நான் குடித்த தண்ணீரை ஒரு வயலுக்குப் பாய்ச்சியிருக்கலாம். மச்சான் குதித்து என் தலைமுடியைப் பிடித்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த பிடியில் ஸ்டீல் செயின் தெறித்தது. கடலுக்கே அஞ்சாத வாட்ச் கிணற்றின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஆள் மாற்றி ஆள் முக்குளித்தும் சேறுதான் கிடைத்தது.

படியில் உட்கார வைத்து முதுகில் தட்டினார்கள். என் வாட்ச்சுக்குள் பாதிக்குத் தண்ணீர், முள் அசையவில்லை. ஆனால் தோல் வார் மட்டும் கையை விடவே இல்லை.

"ஒங்களது நின்னுபோச்சுல்ல மாப்ள!" மச்சான் மூச்சு வாங்கக் கத்தினார். "என்னது இன்னமும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்!"

செல்வி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கண்ணே ஓடுது? காட்டு பாப்போம்!"

விசில் பறந்தது. மாமனார் தன் துண்டாலேயே என் தலையைத் துவட்டிவிட்டு, "கையில இருக்கிறதுதான்யா கெட்டி வாட்ச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். நின்றுபோன வாட்ச்சும் நனைந்த வேட்டியுமாக, கப்பல் பிடித்த ராஜா போல நான் படியேறினேன்.

அதற்கு இன்றும் வாட்ச் கிணறு என்றுதான் பெயர். மச்சான் அந்தப் பக்கம் போனால் போதும், செல்வி குரல் கொடுப்பாள்: "அண்ணே, அப்படியே எறங்கிச் சாவி குடுத்துட்டு வா!"