வஜீர் நல்லவராகிறார்

வக்கார் அகமது வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: “டேய் மூர்த்தி, அந்த வஜீரை எங்கிருந்துடா புடிச்ச?”

சுந்தரமூர்த்தி அதை மூன்று முறை படித்தார்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவர் ஜின்களின் சாம்ராஜ்யத்தைப் பற்றி மாயாஜால நாவல் எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். அந்தப் பண்பாட்டை அவர் ஆழ்ந்து ஆராய்ந்தவர். ஆராய்ச்சி நடந்த இடம், ஆம்பூரில் வக்கார் வீடு. ஆராய்ந்த பொருள், ரம்ஜானுக்கு ரம்ஜான் அங்கே சாப்பிட்ட பிரியாணி. வக்காருக்குப் படிக்க அனுப்பிய அந்த நாவலின் வில்லன், சுல்தானுக்கு விஷம் வைத்துவிட்டு, ஜின்களை ஆட்டுத்தோல் பையில் அடைத்து விற்கிற மந்திரி. அவன்தான் வஜீர்.

“அவங்க ஆளைப் போயி கெட்டவனா எழுதிட்டேனே. தோஸ்த்து மனசு நொந்துட்டான்,” என்றார் மனைவி சாவித்திரியிடம்.

“அப்படின்னு சொன்னாரா?”

“சொல்லுவானா? கேள்வியா கேக்கறான். நாமதான் நாகரிகமா புரிஞ்சுக்கணும்.”

அன்று மாலையே வஜீர் விஷத்தைக் கீழே கொட்டிவிட்டு ஏழைகளுக்குச் சத்திரம் கட்டினார். திருத்திய அத்தியாயம் ஆம்பூருக்குப் பறந்தது. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.

நல்லது பத்தவில்லை போலும். ஜின்களுக்கு விடுதலையும் போனஸும் கிடைத்தன. ஆனால் விஷம் வைக்க ஆள் வேண்டுமே? தூர தேசத்து லுங்கி வியாபாரி ஒருவனை வில்லனாக்கினார்.

சாவித்திரி படித்துப் பார்த்தாள். “இன்னாங்க, இவன் எங்க அண்ணன் மாதிரியே இருக்கான்?”

அன்றைக்குக் குழம்பில் உப்பு ஜாஸ்தி. மறுநாள் லுங்கி வியாபாரியும் திருந்தினான். விஷம் வைக்க ஆளில்லாததால் சுல்தானுக்கு வெறும் வயிற்றுக்கடுப்பு வந்தது. அரண்மனை முழுக்க நல்லவர்கள் உட்கார்ந்து ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கார் போனையும் எடுக்கவில்லை.

“நாவல் போனா போவுது. அவன் போயிடக் கூடாது,” என்று சுந்தரமூர்த்தி ஆம்பூருக்கு பஸ் ஏறினார்.

தோல் பதனிடும் கெமிக்கல் விற்கும் தன் கடையில் வக்கார் தலை நிமிர்ந்தார். “வாங்க. உக்காருங்க.”

காலேஜ் நாளிலிருந்து ‘வாடா’ போட்டவன் ‘வாங்க’ போட்டால் அதற்குப் பெயர் மரியாதை அல்ல, தண்டனை.

“புதுசை படிச்சியாடா?”

“படிச்சேன். எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க. சந்தோஷம்.”

“இன்னும் எதனா தப்பு இருந்தா சொல்லுடா, எடுத்துடறேன்.”

“எடுக்கறதுக்கு இன்னா மிச்சம் இருக்கு?” வக்கார் எழுந்து குடோனுக்குள் போய்விட்டார்.

வாசலில் அவருடைய அண்ணன் தன்சீல் அகமது டீ கிளாஸோடு நின்றிருந்தார். சுந்தரமூர்த்தி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், உங்க மார்க்கத்தைக் கொறைச்சு எழுதணும்னு நெனைக்கவே இல்ல பாய். வேணும்னா மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டுடறேன்.”

“இதுல மார்க்கம் எங்கப்பா வந்துச்சு?” தன்சீல் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தார். “சின்ன வயசுலருந்து ‘வக்கார் தங்கமான மனுசன்’னு சொல்லிச் சொல்லி அவனைப் பேஜார் பண்ணி வெச்சிருக்காங்க எல்லாரும். ‘அந்த வஜீர் நான்தான், மூர்த்தி என்னைத்தான் எழுதியிருக்கான்’னு பஜார் பூரா நெஞ்சை நிமித்திட்டுச் சுத்தினான், கதையிலயாவது கெட்டவனா இருந்துட்டுப் போகட்டும்னு உட்டியா நீ?”