கையில் இருந்த மூடி

விளக்கிச் சொல்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். நீங்கள் ஒரு தும்மல் தும்மினால் போதும், மூக்கின் அமைப்பிலிருந்து ஆரம்பித்து, தூசி, காற்று, காலநிலை எல்லாம் சுற்றி வந்து, உங்களுக்கு இரண்டாவது தும்மல் வரும்வரை விடமாட்டார்கள். நம்மவர் வாயைத் திறந்தாலே 'அதாவது' என்றுதான் தொடங்குவார். அதனால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'அதாவது சார்' என்றே பெயர்.

ஆராய்ச்சி எதில்? களிமண்ணில். சிரிக்காதீர்கள். களிமண்ணை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் அதன் மேற்பரப்பில் அமிலத்தன்மை ஏறும். சோடா உப்பில் ஊறவைத்தால் காரத்தன்மை ஏறும். இதை வீட்டில் விளக்கியபோது மனைவி, "ஊறப்போட்ட இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்குமா? அப்ப உங்க தம்பிதான்!" என்று முடித்துவிட்டார்.

எதிர் மேசை மேடத்துக்கு அன்று வாழ்வா சாவா என்ற நிலை. களிமண் வாங்க வரும் ஆலை அதிகாரி முன்னால் அமிலம் பட்டால் மஞ்சளாகும் நிறம்காட்டித் திரவத்தை அந்த மண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். மண் மஞ்சளானால் மேடத்தின் வேலை தொடரும். ஆகாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஓவனில் ராத்திரி முழுக்கக் காய்ந்த மண்ணைக் குப்பியில் போட்டு இறுக மூடி வைத்துவிட்டு, சொட்டுக்குழாய் எடுக்கத் திரும்பினார். வெளியே நல்ல மழை.

"அதாவது மேடம், இந்த மண்ணு காத்தைப் பாக்கவே கூடாது. காத்துல இருக்கிற ஈரம் வந்து ஒட்டிக்கும். ஒட்டிச்சோ, அமிலத்தன்மை போச்சு! அதனால இந்த மூடி இருக்கு பாருங்க, இதைச் சாதாரணமா நினைச்சிடாதீங்க..."

பேச்சு நீண்டுகொண்டே போனது. மேடம் திரும்பிப் பார்த்தார்.

"சார், கையில என்ன?"

"மூடி."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

மேடம் பதறிப்போய்க் கொஞ்சம் மண்ணெடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். வெள்ளை. இன்னொரு சொட்டு. சுத்த வெள்ளை. மறுபடி காயவைத்தால் சரியாகிவிடும், ஆனால் அதற்கு நேரம் வேண்டுமே! வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது. மேடத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டின. குப்பியை ஓவனுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"சார், நீங்க போய் அந்த மனுஷனுக்கு இந்த மண்ணைப் பத்தி விளக்குங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் கூப்பிடற வரைக்கும்."

இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. பாவம், மனிதர் கண் கலங்கிவிட்டார்.

மேடம் கூப்பிட்டபோது அதிகாரி நாற்காலியில் பாதி சரிந்து, தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். சொட்டு விழுந்தது. எலுமிச்சம்பழ மஞ்சள்! "போதும் போதும், எங்க கையெழுத்துப் போடணும்?" என்று பேனாவோடு எழுந்தேவிட்டார் அதிகாரி.

மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றி சார்" என்றார், திட்ட வேண்டியதை மறந்து.

"அதாவது மேடம், நன்றின்னு பாத்தா..."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியாதா? ஆனாலும் களிமண்ணுக்கு ஏன் ஈரம் ஆகாது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல இப்போதே நாக்கு துறுதுறுக்கிறதே! சொல்லுங்கள், யார் தடுத்தது? அதற்கு முன்னால் உங்கள் கையில் எதன் மூடி இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.