அடைப்புக்குறியைத் தின்ற தளம்

டவர் நன்றாகக் கிடைக்கும் ஒரு காட்டில் மிருகங்களுக்கு எழுதி நடிக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, செல்போனில் மாறி மாறி வசனம் எழுதிக் கதையை வளர்ப்பார்கள். முயல் சிங்க மகாராஜாவாக எழுதியது. நிஜச் சிங்கமோ பஞ்சுமணி என்ற முயல்குட்டியாக எழுதியது. ஏன் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

விளையாட்டுக்கு ஒரே விதி. அடைப்புக்குறிக்குள் எழுதினால் நிஜம், வெளியே எழுதினால் கதை. ‘(பசிக்கிறது, கிளம்புகிறேன்)’ என்று சிங்கம் எழுதினால் போதும், மகாராஜா உட்பட எல்லோரும் பொந்துக்குள் போய்விடுவார்கள்.

அவர்கள் எழுதிவந்த பழைய இணையதளத்தை ஒருநாள் மூடிவிட்டார்கள். புதுத் தளம் தேட நரி கூட்டம் போட்டது. கூட்டம் என்றால் தெரியாதா? குரங்கு ஸ்டிக்கர் வேண்டும் என்றது. மயில், தோகை முழுசாகத் தெரியுமளவுக்குப் படம் வைக்க இடம் கேட்டது. கழுதை, எழுதுவானேன், குரலிலேயே நடிக்கலாமே என்றது. அதை மட்டும் ஏகமனதாகத் தள்ளினார்கள்.

முயல் எழுந்தது. “ஏங்க, புதுத் தளத்துல அடைப்புக்குறி போட்டா அப்படியே நிக்குமா?”

“ஊரே பாயசம் கேக்குது, இவரு இலையில ஓட்டை இருக்கான்னு பாக்குறாரு” என்றது நரி. கூட்டம் சிரித்தது.

ஸ்டிக்கர் அதிகமுள்ள தளம் வென்றது. அதில் அடைப்புக்குறி போட்டால், அது சிரிக்கும் மூஞ்சியாக மாறிவிடும். முயல் முறையிட்டது. “அடுத்த அப்டேட்டுல சரியாயிடும்” என்றது நரி. முயல் விலகியிருக்கலாம். ஆனால் பகலெல்லாம் சருகு அசைந்தாலே நடுங்கும் அதற்கு, நெஞ்சை நிமிர்த்த வேறு இடம் ஏது? பாவம், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு சாயங்காலம் சிங்கம் வழக்கம்போல அடைப்புக்குறி போட்டு, பசிக்கிறது, கிளம்புகிறேன் என்று எழுதியது. இருபுறமும் மூஞ்சிகள் சிரித்தன. குரங்கு கொட்டிவைத்திருந்த மூஞ்சிகளுக்கு நடுவில் அது நிஜமென்று யாருக்குத் தெரியும்? முயல் கதையென்றே நினைத்துக் கம்பீரமாகப் பதில் எழுதியது: “பஞ்சுமணி, என் ராஜ்ஜியத்தில் யாரும் பசியோடு இருக்கக்கூடாது. ஆலமரத்தடி அரண்மனைக்கு உடனே வா.” கதையில் அரண்மனை, நிஜத்தில் அது முயல் குடியிருந்த புதர்.

சிங்கத்துக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. நேரே புறப்பட்டு வந்தது.

புதர் விலகியதும் முயலுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விரல் மட்டும் ஓடியது. ஐயா, இது நிஜம், என்னை விட்டுவிடுங்கள் என்று அவசரமாகத் தட்டியது. அப்போதும் அடைப்புக்குறி போட மறக்கவில்லை. மூஞ்சிகள் இரண்டும் பல்லைக் காட்டின.

சிங்கம் தன் போனைப் பார்த்தது. “மகாராஜாவே கெஞ்சுறாரு. நல்ல திருப்பம்” என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தது. படித்துக்கொண்டிருந்தவர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள்.

இரங்கல் கூட்டத்தில் மயில் தழுதழுத்தது. “உயிரைக் குடுத்து எழுதினாருங்க.”

காலியான மகாராஜா வேடத்தை நரி சிங்கத்துக்கே கொடுக்கப் பார்த்தது. சிங்கம் அடக்கமாக மறுத்துவிட்டது. “அவரு அளவுக்கு சிங்கமா நடிக்க எனக்கு வராதுப்பா.”

நீதி: கூட்டத்தில் சரியான கேள்வியைக் கேட்பவரையே முதலில் தின்பார்கள், ஆகவே ஸ்டிக்கர் கேட்டுவிட்டு உட்காருங்கள்.