பாஸ்காரர் வாங்கிவந்த ஜாங்கிரி

காஞ்சிபுரத்தில் அந்த நாளில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கையையும் நடத்தியவர் பாஸ்காரர் ஒருவர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த பட்டு நெசவாளர் சங்கத்தில், தறியிலிருந்து வரும் சேலைகளைச் சோதித்து எடுப்பது அவர் வேலை. கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவுவார். குறையில்லையென்றால் "பாஸ்!" என்பார். அதற்குப் பிறகுதான் நெசவாளிக்கு மூச்சு வரும். சேலையோடு அது நிற்கவில்லை. டீ பாஸ். பக்கத்து வீட்டுக்கு வந்த மருமகன் பாஸ். பஸ்ஸில் கண்டக்டர் "பாஸா?" என்று கேட்டால், "வண்டி ஓடட்டும், பாத்துட்டுச் சொல்றேன்பா" என்பார். நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் போனார். "யூரின் நல்லா பாஸ் ஆவுதா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "நம்மகிட்ட எதுவும் லேசுல பாஸ் ஆவாது சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அவருக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபின் இவர் தூக்கி வளர்த்தவன். அரக்கோணத்தில் ரயில்வே கலாசி, அடிமட்ட வேலை. பதவி உயர்வுப் பரீட்சையை எழுதி எழுதித் தோற்றுக்கொண்டிருந்தான். "இந்த வாட்டி பாஸ் பண்ணிடுவேன்னு சொல்லிக்கினே இருக்கான்பா" என்று அந்த மாதம் முழுக்க எங்களிடம் சொன்னார்.

ஒரு பகலில் மேனேஜர் அறையில் போன் அடித்தது. மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த இளைஞர் அந்த மேனேஜர். பாஸ்காரரை உள்ளே கூப்பிட்டார். சாவைத் தமிழில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "யுவர் பிரதர் பாஸ்ட் அவே" என்றார்.

பாஸ்காரருக்குப் புரிந்தது பிரதரும் பாஸும்தான். மேனேஜர் நிமிர்வதற்குள் அவர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அரக்கோணத்துக்குத்தான் புறப்பட்டுவிட்டார் என்று மேனேஜர் நினைத்தார். சற்று நேரத்தில் பாஸ்காரர் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"என் தம்பி பாஸ் பண்ணிட்டான்பா!"

எனக்கு ஊட்டியே விட்டார். காத்திருந்த நெசவாளிகள் கையிலெல்லாம் ஆளுக்கொன்று வைத்தார். பிறகு மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் எழுந்து, ஜாங்கிரி நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்க தம்பி செத்துப் போயிட்டாருங்க. மாரடைப்பு." திறந்திருந்த கதவு வழியாக எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பாஸ்காரர் வெளியே வந்தபோது, தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றோம்.

"துன்னுங்கப்பா," என்றார். "அவன் பேர்ல வாங்கினது."

அரக்கோணம் பஸ்ஸில் அவரோடு நானும் போனேன். பாதி வழியில் கேட்டார்: "அவேன்னா இன்னா சார்?"

"தூரமான்னு அர்த்தங்க."

"தூரமா..." என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அழுதார்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்கு வந்த அன்று, மேனேஜர் எங்கள் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டார்.

"வுடுங்க சார். அவன் ஜெயிச்சதுக்குன்னு ஆயுசுல ஒரு வாட்டி நான் ஸ்வீட்டு வாங்கிட்டேன். பொய்யா பூட்டாலும், வாங்கறப்போ எனக்கு நெசந்தானே?"

அன்று முதலில் வந்த சேலையைத் தடவினார். "பாஸ்" என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நெசவாளி கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் என் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம், இங்கே காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவைத்தேன்.