ஒரு டஜன் கேட்டது நான் அல்ல

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. உடம்பளவில் நான் சௌக்கியம். நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் உங்கள் மகளும் சௌக்கியம் என்று ஒரு வரி எழுதுவேன். இப்போது அவள் உங்கள் வீட்டில் இருப்பதால், அந்த வரியை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீங்கள் போன் செய்து, "மாப்பிள்ளை, உங்க கடையிலேருந்து எனக்கு மெசேஜ் வந்திருக்கு. அதுல என்ன இருக்குன்னு என் வாயால சொல்ல மாட்டேன், வெக்கமா இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்னு ஒழுங்கா ஒரு கடுதாசி எழுதி அனுப்புங்க. போன்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அன்று சாயங்காலமே உங்கள் மகள் பெட்டியோடு புறப்பட்டுப் போய்விட்டாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாத மண்டு அல்ல நான். ஆகவே அவளைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன்னால், நடந்ததை யாரோ மூன்றாம் மனிதன் எழுதுவதுபோல, கோபதாபம் இல்லாமல் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

நம் கடையில் வாளி, குவளை, துடைப்பம், மிதியடி எல்லாம் மொத்த விலைக்குக் கொடுக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் சரக்குக் கணக்கு என் தலைக்குள்தான் இருந்தது. எந்த வாளி எந்த அடுக்கில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்று நான் சொல்லிக்கொள்வேன். யாரும் தூக்கத்தில் கேட்டதில்லை. போன மாதம் ஒரே நாளில் இரண்டு பேருக்கு ஒரே மிதியடிக் கட்டை விற்றேன். அதற்குப் பிறகுதான் மென்பொருள் போடலாம் என்று பேச்சு வந்தது. சொன்னது உங்கள் மகள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலுக்காக எழுதுகிறேன். கம்பெனியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தார். பொறுமைசாலி. ஆர்டர் என்றால் என்ன, இருப்பு என்றால் என்ன என்று பாலர் வகுப்பிலிருந்து ஆரம்பித்தார். கிளம்பும்போது, "சார், கடைச் சரக்க வச்சுப் பழகாதீங்க, கணக்கு குழம்பிடும். வீட்டுல இருக்குற நாலு பொருள வச்சுப் பழகுங்க. அப்புறம் அழிச்சுக்கலாம்" என்றார். இந்த ஒரு யோசனைதான் எல்லாவற்றுக்கும் மூலம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

மாடியில் கூடத்தில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தேன். முதல் பொருள் நாற்காலி. இரண்டாவது சுவர்க்கடிகாரம். மூன்றாவது குடை. நான்காவதற்கு என்ன போடலாம் என்று நிமிர்ந்தபோது உங்கள் மகள் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து போனாள். 'மனைவி' என்று அடித்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். ஓணான் என்று நான் சொல்வது கணினியை. தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரை அடித்ததும் அது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை நிரப்பாமல் மேலே போக விடாது. சப்ளையர் யார் என்று கேட்டது. சப்ளையர் என்றால் நமக்குப் பொருளைக் கொடுத்தவர். நேர்மையாக உங்கள் பெயரைப் போட்டேன். சப்ளையரின் போன் நம்பர் கேட்டது. அதையும் போட்டேன். இங்கே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அடுத்து 'லீட் டைம்' என்றது. ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து பொருள் கைக்கு வந்து சேரும் நாள்வரை ஆகிற காலம் அது. நான் உங்களிடம் பெண் கேட்டதிலிருந்து கல்யாணம் முடிந்து அவள் இங்கே வந்தது வரை யோசித்துப் பார்த்து, மூன்று மாதம் என்று போட்டேன். இதில் எந்தப் பொய்யும் இல்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இனிதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். 'மறு ஆர்டர் மட்டம்' என்று ஒன்று இருக்கிறது. பொருள் சுத்தமாகத் தீர்ந்துபோன பிறகு வாங்க ஓடுகிறவன் வியாபாரி அல்ல. குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதுமே அடுத்ததற்குச் சொல்லிவைக்க வேண்டும். அந்த அளவுதான் இந்த மட்டம். நான் எதுவும் போடாவிட்டால் அதுவே ஒன்று என்று வைத்துக்கொள்ளுமாம். கையிருப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு நான் சத்தியமாக ஒன்று என்றுதான் போட்டேன். இருப்பது ஒன்று, மட்டம் ஒன்று. உடனே அதற்குப் பதற்றம் வந்துவிட்டது. போதாததற்கு, இருப்பை எண்ணுவது ஒற்றையில், வாங்குவது டஜனில் என்று நம் கடைக்காக அந்தப் பெண் முன்பே அமைத்து வைத்திருந்தார். நம் கடைக்கு எதுவும் ஒற்றையாக வந்து இறங்குவதில்லை அல்லவா? குறைந்தபட்ச ஆர்டர் ஒன்று என்று நான் போட்டது ஒரு டஜன் ஆகிவிட்டது. 'மனைவி. கையிருப்பு 1. உடனடித் தேவை 1 டஜன். விரைந்து அனுப்பி உதவவும்' என்று உங்களுக்கு வந்த மெசேஜின் வரலாறு இதுதான் மாமா. அதில் 'உதவவும்' என்ற சொல்கூட என்னுடையது அல்ல.

நீங்கள் போனை வைத்ததும் ஆர்டரை ரத்து செய்யப் போனேன். காரணம் சொல்லாமல் ரத்து செய்ய முடியாதாம். காரணத்தை நாம் எழுதவும் முடியாது. அது காட்டுவதிலிருந்து ஒன்றைத் தொட வேண்டும். தரக்குறைவு, சேதம், விலை அதிகம், தேவைக்கு மேல் இருப்பு. எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? தரக்குறைவு என்று என் கை போகாது. சேதம் என்று சொன்னால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். விலையைப் பற்றி உங்களிடம் பேசுகிற குடும்பம் அல்ல எங்களுடையது. இருப்பதற்குள் சாதுவாகத் தெரிந்த கடைசியைத் தொட்டேன். 'ஆர்டர் ரத்து. காரணம்: ஏற்கனவே தேவைக்கு மேல் இருப்பு உள்ளது' என்று இரண்டாவது மெசேஜ் உங்களுக்கு வந்தது அப்படித்தான். ஒன்றே தேவைக்கு மேல் என்று நான் நினைப்பதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால் அது இயல்புதான். ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை.

சரி, இதோடு விட்டதா என்றால், பட்ட காலிலேயே படும் என்பார்களே. பொருள் வந்த தேதி என்ற கட்டத்தில் நான் கல்யாணத் தேதியைப் போட்டிருந்தேன். உள்ளே வந்து பல வருடமாகியும் விற்காத பொருள் என்று அது தானாகவே ஒரு கணக்குப் பார்த்து, அவளைத் 'தேங்கிய சரக்கு' என்ற தலைப்பின் கீழ்க் கொண்டுபோய் வைத்தது. தேங்கிய சரக்கு என்றால் மதிப்பு குறைந்தது என்று அர்த்தமல்ல, வந்த இடத்தைவிட்டு நகராமல் இருப்பது என்றுதான் அர்த்தம். பயிற்சிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அத்தோடு, தள்ளுபடியில் விற்கலாம் அல்லது சப்ளையருக்கே திருப்பி அனுப்பலாம் என்று யோசனையும் சொல்லிவிட்டு, 'சரியா?' என்று கேட்டது. நான் பதறிப்போய் இருந்தேன். திரையில் எது வந்தாலும் 'சரி'யைத் தொட்டால் தொலைந்துபோகும் என்று நினைத்து, 'சரி'யைத் தொட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில்தான் உங்கள் மகள் பெட்டியோடு மாடிப்படி இறங்கி வந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று என்னவோ நீளமாகச் சொன்னாள். நான், அந்தச் 'சரி'யால் மூன்றாவது மெசேஜ் ஒன்றும் உங்களுக்குப் போய்விட்டதா இல்லையா என்று திரைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். "...ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும், பாத்துக்குங்க" என்ற கடைசித் துண்டு மட்டும் காதில் விழுந்தது. "சரி" என்றேன். அவள் முகத்தில் கோபம் தெரிந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நான் நிமிர்ந்து பார்த்தால்தானே தெரியும். மூட்டை தூக்குகிற நம் ஆள், அவர் நத்தை வேகத்துக்காக நாங்கள் 'அவசரம்' என்று கூப்பிடுவோமே, அவர்தான் பெட்டியை வண்டியில் ஏற்றினார். "அம்மா ஒண்ணும் பேசல முதலாளி. யோசனையாவே போனாங்க" என்று வந்து சொன்னார். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமிருக்காது.

இந்தச் சந்தர்ப்பத்தில் இன்னொரு விஷயத்தையும் விளக்கிவிடுகிறேன். மென்பொருளில் கையிருப்பு வேறு, கிடைக்கும் இருப்பு வேறு. நம் கூரைக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ அது கையிருப்பு. அதில் ஏற்கனவே மற்றவர்களுக்கென்று ஒதுக்கியது போக மிச்சம்தான் கிடைக்கும் இருப்பு. கிடங்கு நிறைய வாளி இருந்தும், வந்து நிற்கிறவருக்குக் கொடுக்க ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இதைப் படித்தபோது எனக்கு உங்கள் மகள் ஞாபகம் வந்தது. கையிருப்பு ஒன்று. காலையில் அடுப்பங்கரைக்கு ஒதுக்கீடு. பிறகு கடைக்கு வருகிற போன்களுக்கு ஒதுக்கீடு. நான் எங்கேயோ வைத்துவிட்டுக் கத்துகிற சாவிக்கும் கண்ணாடிக்கும் ஒதுக்கீடு. பக்கத்து வீட்டுக் குழந்தையின் வீட்டுப்பாடத்துக்குக்கூட ஒதுக்கீடு உண்டு. கூட்டிக் கழித்தால் கிடைக்கும் இருப்பு பூஜ்யம். அவளுக்கென்று அவளே கிடைத்ததில்லை. இவ்வளவு வருடத்தில் இதை நான் பார்க்கவில்லை, ஒரு வாளிக் கணக்கு எழுதுகிற மென்பொருள் காட்டிக்கொடுத்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது கையிருப்பே பூஜ்யம். 'நிலுவை ஆர்டர்' என்று ஒரு பதம் இருக்கிறது. பொருள் இல்லை என்பதற்காக ஆர்டரை அழிக்காமல், அது வந்து சேரும்வரை வைத்துக்கொண்டு காத்திருப்பது. நான் அந்த நிலையில் இருக்கிறேன். கடையை மூடிவிட்டு மேலே போனால் கூடத்தில் கடிகாரம் மட்டும் சத்தம் போடுகிறது. சாப்பிடுகிறேன், ஆனால் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். பயிற்சிக்காகப் போட்ட நான்கு பொருளையும் அழித்துவிட்டேன் என்பதையும், உங்கள் போன் நம்பரைச் சப்ளையர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் என்பதையும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். எல்லாவற்றையும் எடைபோட்டு, தப்பு பதங்களுடையது, மாப்பிள்ளையுடையது அல்ல என்று உங்களுக்குப் பட்டால், அவளிடம் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்கள். நான் போட்ட லீட் டைம் பழைய அனுபவத்தை வைத்துப் போட்டது. இந்தத் தடவை அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த மெசேஜ்களில் ஏதாவதொன்றை அத்தையும் பார்த்திருந்தால், அவர்களிடமும் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் இருவரின் ஆசியும் எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்கு இன்னமும் பாத்திரமாக இருக்க விரும்பும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் அத்தை போன் செய்தார்கள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது மாப்பிள்ளை. நீங்கதான் ஒரு வார்த்தை கேக்கல" என்றார்கள். நான், "யாருக்கு ஆபரேஷன் அத்தை?" என்றேன். "விளையாடாதீங்க. உங்க மாமாவுக்குக் கண்ணு ஆபரேஷன்னுதானே உங்ககிட்ட சொல்லிட்டுக் கிளம்பி வந்தா? நீங்களும் சரின்னு சொன்னீங்களாமே?" என்றார்கள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று மெல்லக் கேட்டேன். "எதுக்குக் கோவம்? அவளுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? உங்க மாமா எதையும் படிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பேப்பர்லேருந்து மாத்திரை அட்டை வரைக்கும் அவதான் படிச்சுக் காட்டுறா. உங்க கடுதாசி வரணும்னு இவர் வாசலையே பாத்துக்கிட்டிருக்கார். என்ன விஷயம்னு அவ கேட்டா மட்டும் வாயத் திறக்க மாட்டேங்குறார்" என்றார்கள்.

ஆக மாமா, மேலே எழுதிய அவ்வளவும் உங்கள் காதில் உங்கள் மகளின் குரலில்தான் விழுந்திருக்கும். கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் கடிதம் வராவிட்டால், நீங்கள் போனை அவள் கையில் கொடுத்து அந்த மெசேஜ்களைப் படிக்கச் சொல்லுவீர்கள். அதற்கு இதுவே பரவாயில்லை.

படித்துக்கொண்டிருப்பவளுக்கு: இனிமேல் வருவதைச் சத்தமாகப் படிக்காதே. அன்றைக்கு நீ பக்கத்தில் நின்று சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. விழாமலேயே சரி என்று சொல்லிவிட்டேன். இப்படி எத்தனை சரி சொல்லியிருக்கிறேனோ. அப்பாவுக்குக் கண் ஆறட்டும், அவசரமில்லாமல் வா. நீ இல்லாமல் எனக்கு இங்கே ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஏன் நிறுத்திவிட்டாய் என்று மாமா கேட்டால், கையெழுத்துப் புரியவில்லை என்று சொல்லிவிடு.