ஆறு குஞ்சும் ஒரு காதும்

"அப்பா, ஏன் இப்படிக் கத்துதுங்க? என்ன செஞ்சீங்க?"

செல்பேசியில் மகள் இப்படிக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செஞ்சீங்களாம். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து மூன்று நாள்கூட ஆகாத ஆறு கோழிக்குஞ்சுகளை அவர் தலையில் கட்டிவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீச்சல் போட்டிக்கு வெளியூர் போனது இவள். விடுப்புப் போட்டுவிட்டு அல்லாடுவது அவர். பழியும் அவருக்கேவா?

"நான் ஒண்ணும் செய்யலம்மா. அதுங்க பாட்டுக்குக் கத்துது."

"நான் இருந்தப்போ இப்படிக் கத்தவே இல்லையே. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன். ஆறும் இருக்கணும்ப்பா. ஒண்ணு குறைஞ்சாலும் உங்ககூடப் பேச மாட்டேன்."

சொன்னால் செய்கிற பெண். போன வருஷம் அவளுடைய மீன்தொட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று இவர் வெந்நீரை ஊற்றியதற்குப் பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசியதும் உப்பு எடுத்துக் கொடுங்கள் என்பதற்காகத்தான்.

உண்மையில் அவர் செய்தது ஒன்றே ஒன்று. நேற்றுப் பகலில் பத்து நிமிஷம் கரண்ட் போனது. சாமான் அறையில், அட்டைப்பெட்டிக்கு மேல் தொங்கிய பல்பு அணைந்ததும் குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடுமே என்று பதறிப்போனார். இனி ஒரு நொடிகூட அணையக்கூடாது என்று மகளின் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பழைய கறுப்பு யூ.பி.எஸ். பெட்டியைத் தூக்கிவந்து, பல்பை அதில் செருகினார். அதன் முகப்பில் எரிந்த சிறு விளக்கு குஞ்சுகளின் கண்ணை உறுத்தக்கூடாதென்று மேலே ஒரு துண்டையும் போட்டார். பெற்ற தாய் செய்வாளா இதெல்லாம்?

அதற்குப் பிறகுதான் கத்தல் ஆரம்பித்தது. கரண்ட் போனதில் பயந்துவிட்டன, பாவம்.

கதவைத் திறந்தால் குளிர்காற்று உள்ளே போகும் என்பதால் மெக்கானிக் வெளியே நின்று கதவில் காதை வைத்தார். அந்தக் காது லேசுப்பட்டதல்ல. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்டுகளின் நோயை அதைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறார். எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார்.

கீக். கீக். கீக்.

"குளிருது," என்றார் தனக்குத்தானே. உள்ளே போய் இன்னொரு பல்பைக் கட்டி, அதையும் யூ.பி.எஸ்.ஸில் செருகினார். அட்டைப்பெட்டியின் மேலிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். ஆறும் திடுக்கிட்டு எழுந்து ஒரே சமயத்தில் கத்தின. பார்த்தாயா, எவ்வளவு நேரமாக அழுதிருக்கின்றன என்று அவர் நொந்துகொண்டார்.

வெளியே வந்தால் சத்தம் முன்னைவிட வேகமாக இருந்தது.

கோழித்தீவனக் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு பல்பா? சின்னப் பெட்டிக்கா? வெந்துடும் சார். சூடு தாங்காமத்தான் கத்துது."

"இது சூட்டுக்குக் கத்துற சத்தம் இல்லங்க. என் காதுக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு சார் எனக்குப் போன் பண்ணீங்க?"

மரியாதை தெரியாத ஆள். ஆனாலும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. குஞ்சுகளைப் பெரிய அட்டைப்பெட்டிக்கு மாற்றினார். அறையின் சூட்டைக் குறைக்க மூலையில் மேஜைவிசிறி ஒன்றைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். வேறு பிளக் இல்லாததால் அதுவும் யூ.பி.எஸ்.ஸிலேயே ஏறியது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டார், தவறி விழுந்து நனையாமலிருக்க. தீவனத்தை விரலால் தட்டித் தட்டிக் கொத்தக் கற்றுக்கொடுத்தார். ஆறும் தின்றன, குடித்தன, அவருடைய சட்டைக் கையில் அசிங்கம் செய்தன. திருப்தியோடு துணியை மூடிவிட்டு வெளியே வந்தார்.

கீக்கீக்கீக்கீக்.

"நன்றி கெட்ட ஜென்மங்களா," என்றார் கதவைப் பார்த்து.

இவ்வளவு ஒழுங்காக, ஒரு கீக்குக்கும் அடுத்த கீக்குக்கும் இடைவெளி பிசகாமல் அழுகிற பிராணிகளை அவர் பார்த்ததில்லை. மகள் வளர்க்கிற குஞ்சல்லவா, பிடிவாதமும் அப்படித்தான் இருக்கும்.

அப்போதுதான் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் ஏறி வந்தார்.

"மெக்கானிக் சார், நேத்திலேர்ந்து காதுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. மனுஷன் பகல்ல கண்ணசர வேண்டாமா?"

"பச்சைக் குழந்தைங்க சார். அழத்தான் செய்யும்."

"குழந்தையா? ஆறு மணி வரைக்கும் பார்ப்பேன். நிக்கலேன்னா கூடையோட வந்து, நானே அள்ளிட்டுப் போய்த் தீவனக் கடையில விட்டுடுவேன்."

"உங்க அக்கா ஒரு வார்த்தை சொன்னாங்களா? அவங்களும் அதே வீட்லதானே இருக்காங்க? அந்தப் பெருந்தன்மை உங்களுக்கு ஏன் இல்ல?"

"அவளுக்குத்தான் காது கேக்காதே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் இறங்கிப் போனார்.

மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு மாடிக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற லிஃப்டைத் தட்டிச் சரிசெய்கிறவருக்கு, உள்ளங்கையளவுக் குஞ்சுகள் அடங்க மாட்டேன் என்கின்றன. ஒரு கடைக்காரனும் ஒரு வீட்டுக்காரனும் அவருக்குப் பாடம் எடுக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, நாளைக்கு வாசலில் பையை இறக்கிவிட்டு நேராகச் சாமான் அறைக்கு ஓடப்போகிற மகளின் முகம் கண்முன் வந்து நின்றது. காலிப்பெட்டியைப் பார்த்தால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மறுபடியும் கதவில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் கேட்டார். இது குளிருமில்லை, சூடுமில்லை. தனிமை. சத்தியமாகத் தனிமைதான்.

ரேடியோவைக் கொண்டுபோய் அட்டைப்பெட்டி பக்கத்தில் வைத்து, யூ.பி.எஸ்.ஸில் மிச்சமிருந்த ஒரே ஓட்டையில் செருகி, மெல்லிசாகப் பாட்டு வைத்தார்.

கீக் என்பது நின்றது. இடைவெளியே இல்லாமல் கீ என்ற ஒரே நீளச் சத்தம் கிளம்பியது. மூச்சுக்கூட விடாமல் அழுகின்றனவே என்று மெக்கானிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வீட்டுக்காரர் வந்துவிட்டார். பின்னால் கூடையோடு அவருடைய அக்கா.

"இப்போ பாட்டு வேறயா?" என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் வாசலை மறித்துக் கைகளை விரித்தார். "ஒரு குஞ்சைத் தொட்டீங்க, நடக்கிறது வேற. அதுங்களுக்கு ஏதோ பெரிய வியாதி. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட கொண்டுபோறேன்."

"வியாதிக் குஞ்சை வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்களா?"

"சார், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா..."

"உங்களுக்குக் காதுன்னு ஒண்ணு இருந்தா..."

"என் காதைப் பத்திப் பேசாதீங்க. இந்த ஊர்ல எந்த லிஃப்டை வேணாலும் கேளுங்க, என் காதைப் பத்திச் சொல்லும்."

இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு உரச நின்று கத்தியதில், அக்கா இருவருக்கும் பக்கவாட்டில் நுழைந்து சாமான் அறைக்குள் போனதை யாரும் கவனிக்கவில்லை.

திடீரென்று சத்தம் நின்றது. பாட்டும் நின்றது. வீடே வெறிச்சென்று ஆனது. ஆறும் ஒரேயடியாகப் போய்விட்டனவா? மகளிடம் என்ன சொல்வது? மெக்கானிக் விரித்த கைகளை இறக்கவில்லை. வீட்டுக்காரரின் முகமும் வெளுத்துவிட்டது.

அக்கா ஒரு கையில் காலிக் கூடையும் மறு கையில் மூன்று ஒயர்களுமாக வெளியே வந்து, காது கேளாதவர்களுக்கே உரிய பலத்த குரலில் சொன்னார்:

"குஞ்சு ஆறும் வாயை மூடிக்கிட்டு அசந்து தூங்குது தம்பி, துண்டுக்கடியில அந்தக் கறுப்புப் பெட்டிதான் பாரம் தாங்காம சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதை அணைச்சு மூணு ஒயரைப் பிடுங்கிட்டு, ஒரு பல்பை மட்டும் சுவர்ல செருகிட்டேன், ஆமா, நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போடுறீங்க?"